முனியாண்டி பேருக்கு ஒரு குழாய் இரத்தம்

அடுத்தவர் கையில் ஊசி குத்திச் சோறு தின்ற தோழர்களே, நம்மைக் கண்டதும் சனம் ஓடுவது நம் முகராசியால் அல்ல என்று உங்களுக்காவது தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். வாரம் ஒருநாள் தோட்டங்களுக்குப் போய் இரத்தம் எடுப்பதும் என் வேலை.

ஜன்னலில் ஒரு கை

நோர்வூட் பக்கத் தோட்டமொன்றில் முனியாண்டி என்பவருக்கு ஈரல் வீங்கியிருந்தது. புற்றுநோயோ என்று எங்கள் டொக்டருக்குப் பயம். அதற்குக் கொழும்பில் ஏ.எஃப்.பி. என்றொரு பரிசோதனை செய்தார்கள். வயிற்றுப் பிள்ளையின் ஈரல் சுரக்கும் ஒரு புரதம் அது, பிறந்தபின் அடங்கிவிடும். வளர்ந்தவர் இரத்தத்தில் மறுபடி கூடினால் ஈரலில் புற்றுநோய் இருக்கலாம்.

அன்று அடைமழை. தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கும் சின்ன ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே வரிசை. "முனியாண்டி!" என்றேன். பழைய கறுப்புக் கோட்டுக் கை ஒன்று உள்ளே நீண்டது. குனிந்தபடியே நரம்பைத் தேடிக் குத்தினேன். ஒரு முனகல் இல்லை. எனக்கு உதவிய மருந்துச்சாலைக்காரர் அசந்துபோனார்: "போன வாரம் ஊசியப் பாத்தே மயங்கி விழுந்த ஆளுங்க, இன்னைக்குச் சிங்கமாட்டம் நிக்கிறானே!"

பிளாஸ்க்

இரத்தக் குழாயை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொழும்புக்குக் கொண்டுபோனேன். எதிரே இருந்த கங்காணி ஒருவர் ஹட்டனில் ஏறியதிலிருந்து பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது பொறுக்க முடியாமல் சொன்னார்: "தேயிலை மலையில இருந்து வர்றீங்க, ஒரு வாய்த் தேத்தண்ணி குடுக்க மனசு வரலையே ஐயா!"

முடிவு

ஏ.எஃப்.பி. கூடியிருந்தது. நான் சொல்லப் போவதற்குள் சேதி தோட்டத்துக்குப் போய்விட்டது. வலப்பனையிலிருந்து சொந்தபந்தமெல்லாம் வந்து அவர் குடியிருந்த லயத்து வாசலில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். கொழும்புக்குப் போய் இன்னும் சோதிக்க வேண்டும் என்றேன். முனியாண்டி நிதானமாகச் சொன்னார்: "சாகச் சொன்னாச் சாகுறேனுங்க, ஊசி மட்டும் வேணாம்."

கோட்டுக்குள் இருந்தவர்

மறுநாள் காலை அவர் மனைவி செல்லம்மா பரிசோதனைக்கூட வாசலில் நின்றாள். அதே கறுப்புக் கோட்டு. பொத்தான் போட முடியாதபடி வயிறு. "அன்னைக்குக் கையை நீட்டினது நீயா?" என்றேன்.

"ஆமாங்க. அவருக்கு முடியாத நாள்ல அவரு பேருக்கு நாந்தான் கொழுந்து பறிச்சு நிறுத்துப் போடுறேன். கணக்கப்புள்ள ஒண்ணும் சொல்றதில்ல. இதுவும் அப்புடித்தான்னு நெனச்சேனுங்க" என்று அழுதாள். அவளுக்கு ஐந்து மாதம். கர்ப்பிணிக்கு ஏ.எஃப்.பி. கூடத்தானே செய்யும்!

முனியாண்டியை நாலு பேர் பிடிக்க, முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, இரத்தம் எடுத்தேன். இந்த முறை அளவு சரியாக இருந்தது. ஈரலில் இருந்தது வெறும் சீழ்க்கட்டி, மருந்தில் கரைந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வைத்துக்கொண்டு முனியாண்டி சொன்னார்: "பொறக்குறதுக்கு முந்தியே அப்பனுக்கு ஒப்பாரி வைக்க வச்சவ இவதாங்க!"

இரத்தத்தில் எது கூடியது என்று சொல்லக் கொழும்பில் மிஷின் இருந்தது, அது யார் இரத்தம் என்று சொல்ல நான் ஜன்னல் வழியே தலையை நீட்டியிருந்தாலே போதும்.