‘போன’ இல்லை, ‘ஆக்கப்பட்ட’

பஸ்ஸில் மறந்துவிட்ட குடையும், வேனில் ஏற்றிக்கொண்டு போன புருஷனும் ஒரே மாதிரியாகவா காணாமல் போவார்கள்? இதற்குப் பதில் தெரியாமலேதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கண்டியில் ஒரு பெண் சட்டத்தரணியின் கந்தோரில் தமிழ்த் தட்டச்சு என் வேலை. கலஹா தோட்டப் பள்ளிக்கூடத்துத் தமிழும், கலஹா பஸ்ஸில் பொறுக்கிய சிங்களமும்தான் என் தகைமை. காணி உறுதி, வாடகை ஒப்பந்தம், விவாகரத்து எல்லாம் தட்டுவேன். நடுநடுவே ஆளைத் தேடுகிறவர்களின் மனுவும் வரும். அரச கந்தோரில் ‘நாளைக்கு வாங்க’ கேட்டுக் கேட்டுக் கால் கடுத்தவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். இப்படி உட்காருங்கள், சொல்கிறேன்.

போச்சு

புஷ்பராணி அக்காவுடையதுதான் அப்படி வந்த முதல் மனு. அவர் புருஷன் சிவலிங்கம் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தவர். யுத்த காலத்தில் ஒரு காலை, சீருடைக்காரர் இரண்டு பேர் “பத்து நிமிஷம், ஒரு வாக்குமூலம்” என்று கடையிலிருந்தே வேனில் ஏற்றிப் போனார்கள். அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியவில்லை. நான் ‘காணாமல் போன சிவலிங்கம்’ என்று தட்டி நீட்டினேன். எங்கள் சட்டத்தரணி மிஸ் சிவப்புப் பேனையால் வெட்டி, ‘வலிந்து காணாமலாக்கப்பட்ட’ என்று எழுதினார். அரசாங்க ஆட்களே பிடித்துக்கொண்டு போய், அப்புறம் பிடிக்கவே இல்லை என்று சாதித்தால் உலகச் சட்டத்தில் அதற்கு இதுதான் பெயராம்.

இவ்வளவு நீளமா என்று விரல் வலித்தது. என் மூன்று வயது மகள் என் போனை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டு, “போன் காணாம போச்சும்மா” என்பாள். ‘போச்சு’ என்றால் யார் மேலும் குற்றமில்லை பாருங்கள், அவளுக்கே அந்த இலக்கணம் தெரியும். அக்காவிடம் எது வேண்டும் என்று கேட்டேன். “நீளமானதையே போடு தங்கச்சி. அவரு போகல. போறவரா இருந்தா சாப்பாட்டுப் பெட்டிய கடையிலயே விட்டுட்டா போவாரு?”

நேரில் வரவும்

எட்டு மாதம் கழித்து, மனு போன அரச கந்தோரிலிருந்து பதில் வந்தது. அக்காவுக்கு இல்லை, சிவலிங்கம் அண்ணனுக்கே! ‘தாங்கள் காணாமல் போனமை தொடர்பான விசாரணைக்குத் தேசிய அடையாள அட்டையுடன் நேரில் சமூகமளிக்கவும். தவறின் தங்கள் முறைப்பாட்டுக் கோவை மூடப்படும்.’ நான் இரண்டு தரம் வாசித்தேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்கா கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். “திருப்பி அனுப்பு தங்கச்சி. எங்க வச்சிருக்காங்கன்னு அவங்களுக்குத்தானே தெரியும், கையோட குடுத்துரச் சொல்லு.”

சாப்பாட்டுக்கு முன்

ஒரு பெரிய ஹோட்டலில் ‘நிலைமாறுகால நீதி’ பற்றிக் கருத்தரங்கு. நான் மொழிபெயர்க்கப் போனேன், புஷ்பராணி அக்காவும் வந்திருந்தார். தலைப்பையே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, அதுவும் தமிழிலிருந்து தமிழுக்கு: யுத்தம் முடிந்த பிறகு, அப்போது நடந்த குற்றங்களுக்கு நியாயம் தேடுவது. கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் நல்ல மனுஷன்தான். யுத்தம் நடந்தது என்று சொல்லியும் இந்தக் குற்றத்தை நியாயப்படுத்த முடியாது, ஆள் என்ன ஆனார் என்று மறைத்து வைத்திருக்கும் வரைக்கும் குற்றம் தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கிறது என்று விளக்கினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், புஃபே தயாராம்.

அக்கா கையைத் தூக்கினார். “அப்ப இந்த நிமிஷமும் நடக்குதுங்களா சேர்?”

“ஆமாம் அம்மா, சட்டப்படி இந்த நிமிஷமும்.”

“நடந்துக்கிட்டிருக்கிற குத்தத்த விட்டுட்டு எல்லாரும் எங்க சேர் எந்திரிச்சுப் போறீங்க?”

மூன்று கட்டம்

போன மாதம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். சிவலிங்கம் அண்ணன் பேரில் உள்ள வீட்டை மகள் பேருக்கு மாற்ற வேண்டும். அரச கந்தோரில் அதிகாரி இரக்கமாகத்தான் பேசினார்; நான் சிங்களத்திலிருந்து சொல்லிக் கொடுத்தேன். மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரே கிழமையில் வேலை முடியுமாம். ‘ஆளைக் காணவில்லை, இறந்ததாகவும் தெரியாது’ என்று சொல்லும் இன்னொரு சான்றிதழ் இருக்கிறதே என்றேன், மிஸ் சொல்லியனுப்பியபடி. அதற்கு நாளாகும், இதுதான் லேசு என்றார் அவர்.

அக்கா மரணச் சான்றிதழ்ப் பாரத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொன்னார். மகளின் கல்யாணம் ஒரு பக்கம். என்ன ஆனார் என்று யாருமே பதில் சொல்லாதபோது புருஷனைத் தன் கையாலேயே சாகடிப்பது மறுபக்கம். ஜெனீவா ஐ.நா. வரைக்கும் நான் தட்டி அனுப்பிய அத்தனை பக்கமும் சுற்றி வளைத்துக் கேட்டதை, அக்கா கையெழுத்துப் போடாமல் அதிகாரியிடமே பேனையை நீட்டி ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்: “செத்துட்டாருன்னு சொல்றது நீங்கதானே சேர், இறந்த இடம், திகதி, காரணம்னு மூணு கட்டம் காலியா இருக்கு, அதையும் நீங்களே நிரப்பிக் குடுங்க.”