எண்ணெய் தடவிய ரிம்

இந்த ஊரில் என்னைப் பார்க்கும் டாக்டர் சைக்கிளில் வருகிறார். ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிறவர் காரில் வருகிறார். பிரான்சுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடையே வைத்திருக்கும் என் அண்ணன், பெண் பார்க்கப் போனபோது பைக்கை இரவல் வாங்கிக்கொண்டுதான் போனான்.

எனக்குச் சைக்கிள் ஆசையில் வந்ததல்ல. ஓட்டல் சலவைப் பிரிவில் காலை ஆறு மணிக்கு வேலை. முதல் பஸ்ஸே அதற்குப் பிறகுதான். நடந்துபோய் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் கீழ்வீட்டுக்காரர், நான் மிஸ்யே என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், நிலவறையில் துருப்பிடித்துக் கிடந்த தன் பழைய ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் பருமன் டயர். டயரும் பிரேக் கட்டையும் மட்டும் புதிதாக வாங்கினேன். மற்றதற்கெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திர சோப்பும்தான். "சக்கரத்தச் சுத்து பாப்பா, கோட்டம் எங்கன்னு பாக்கலாம்" என்று அண்ணன் வீடியோவில் வழி சொன்னான்.

ஆயுத பூஜை அன்று அவன் கடையில் சைக்கிளெல்லாம் ரிம் வரைக்கும் தேங்காய் எண்ணெய் பூசி மினுமினுக்கும். அதே நினைப்பில் நானும் தலைக்கு வைத்திருந்த எண்ணெயை ரிம்மில் தடவித் துடைத்தேன். பொட்டு வைத்து, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன். மிஸ்யே அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, பழத்தை எடுத்து அறுத்து, ஹேண்டில்பாரில் மிச்சமிருந்த துருவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். துருவுக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்தார் போல. கண் திருஷ்டியை விளக்க என் பிரெஞ்சு போதாது. மெர்சி என்று நன்றி மட்டும் சொன்னேன்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை மிதித்தாலும் மேடு என்று சொல்லப் பாலங்கள்தான் உண்டு. இங்கே வாசலைத் தாண்டினாலே சரிவு. பிரேக்கை எவ்வளவு பிடித்தும் வண்டி நிற்கவில்லை. வேலியில் போய் விழுந்தேன். முட்டி சிராய்த்தது பெரிதில்லை. மறுநாள் வேலை போய்விடுமோ என்றுதான் அழுதேன்.

"பழம் நசுங்கல அண்ணே, அதான்" என்றேன் போனில்.

"பழத்து மேல ஏன் பழி போடுற? ரிம்முக்கு எண்ண தடவுனியா? பிரேக் கட்ட அதத்தான புடிக்கணும்?"

"பூஜைக்கு நீ தடவுவியே?"

"அன்னிக்கு எவன் வண்டிய எடுக்குறான்? ஒரு நா முழுக்க சும்மாதான நிக்கிது. சோப்பு போட்டு நல்லா கழுவு, போ."

ரிம்மைக் கழுவினேன். மறுநாள் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஓட்டல் வாசலில் நின்றேன். வண்டியின் போட்டோவை அனுப்பியதும் அண்ணன் கூப்பிட்டான்.

"எல்லாம் சரி, கேரியர் எங்க?"

"இதுக்கு கேரியர் கெடையாதுண்ணே."

"அப்ப நான் வந்தா எதுல உக்காருவேன்?"

அவனிடம் பாஸ்போர்ட் இல்லை. எடுக்கப்போவதும் இல்லை. பத்தாவது வரை அவன் கேரியரில் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். இப்போதும் சரிவில் இறங்கும்போது, பின்னால் கனமில்லாத வண்டி லேசாகத் துள்ளுகிறது.