தம்பி நீட்டிய கை

போடியில் வாய் திறந்த ஏலக்காய் மூட்டையைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் கை சும்மா இருக்காது. கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே கை மூட்டைக்குள் போய்விடும். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து, ஒரு காயைப் பல்லால் உடைத்து உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் கையிலும் கொஞ்சம் போடுவார்கள். மிச்சம் சட்டைப் பைக்குள் போகும். அதற்குப் பெயர் சாம்பிள். அள்ளுகிறவர் அனுமதி கேட்பதில்லை, கடைக்காரரும் ஏனென்று கேட்பதில்லை. எழுபதுகளின் கடைசியில், நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, இந்த வழக்கத்தை அச்சுப் பிசகாமல் செய்த குற்றத்துக்காக என் தம்பியைச் சிறுவர் கோர்ட்டில் நிறுத்தினார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். பிறக்கும்போதே மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எழுத்துக் கூட்ட வராது. பேச்சு நாலைந்து வார்த்தைக்கு மேல் ஓடாது. ஆனால் பிறர் செய்வதைப் பார்த்துவிட்டால் அதை அப்படியே செய்வான். தலை வாரியது, சட்டைப் பொத்தான் போட்டது, சைக்கிளுக்குக் காற்றடித்தது எல்லாம் அவன் பார்த்துப் பார்த்துப் படித்தவைதான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு உயிர் ஆஜர் எடுக்கும் நேரம். தன் பேர் வந்ததும் எழுந்து, கைகளை விலாவோடு ஒட்டவைத்து "உள்ளேன் ஐயா" என்பான். அது மட்டும் கணீரென்று வரும். அதைச் சொல்வதற்காகவே காய்ச்சலோடும் பள்ளிக்கூடம் போக அடம்பிடிப்பான். ஊர் அவனை லூசு என்றது. வாத்தியார்களில் சிலரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் தப்பில்லை என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

அம்மா ஓர் ஏலக்காய் முதலாளியின் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் காய் பிரிக்கிற வேலை பார்த்தாள். நாள் பூராவும் தரையில் உட்கார்ந்து பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று பிரிக்க வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது பெண்கள் ஒவ்வொருவராகக் கணக்கப்பிள்ளை முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டலாம். அதே வாசல் வழியாக வெள்ளை வேட்டிக்காரர்கள் பை புடைக்கச் சாம்பிளோடு வெளியே போவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை தம்பி அந்தக் கிட்டங்கியில்தான் வளர்ந்தான். அம்மா மடியை உதறியதைப் பார்த்தான், அவர்கள் பையில் போட்டுக்கொண்டதையும் பார்த்தான். இரண்டில் எது தனக்கு விதித்தது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பையன்கள் கூட்டமாக அந்த முதலாளியின் கடைப் பக்கம் போயிருக்கிறார்கள். தம்பியும் பின்னாலேயே போயிருக்கிறான். வாசலில் மூட்டைகள் திறந்திருந்தன. ஆளுக்கொரு பிடி அள்ளினார்கள். கடைப் பையன் சத்தம் போட்டதும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். தம்பி ஓடவில்லை. உள்ளங்கையில் காயை உருட்டி, முகர்ந்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றான். திருடியவன் ஓடுவான், வியாபாரி எதற்கு ஓட வேண்டும்? இது கடைவீதியில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பயல்கள் தினமும் கை வைக்கிறார்கள், ஒருத்தனை உள்ளே வைத்தால்தான் மற்றவர்கள் அடங்குவார்கள் என்று முதலாளி போலீசைக் கூப்பிட்டார். அகப்பட்டவன் யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் மூட்டைகளுக்கு நடுவே தவழ்ந்த பிள்ளை அவன்.

நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்கு ஓடியபோது ஈரமான கால்சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதட்டிக் கேட்டால் எதற்கும் "ஆமா" என்பது அவன் சுபாவம். திருடினாயா என்று ஏட்டு அதட்டியிருக்கிறார், ஆமா என்றிருக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார் ஏட்டு. மதுரை கோர்ட்டில் ஆஜராக வேண்டும், அங்கே சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் வர வருஷக்கணக்காகும் என்று சொல்லிவிட்டு அம்மாவோடு அனுப்பினார். அம்மா முதலாளி வீட்டு வாசலில் போய் விழுந்தாள். இனி எல்லாம் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று அவர் உள்ளே போய்விட்டார். எங்களைப் பெற்ற அய்யா குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் வேலை பார்த்தார். செய்தி கேட்டு ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கி வந்தார். முதலாளியைப் பகைத்துக்கொண்டு போடியில் பிழைக்க முடியாது, வாயைத் திறக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மலை ஏறினார். ஹெட்மாஸ்டர் விசாரணைவரைகூடக் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் மானம் போகிறது என்று தம்பியின் பெயரை நீக்கிவிட்டார். ஓடிப்போன பையன்களின் மானத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அவர்களின் அப்பாக்கள் கடைவீதியில் கடை வைத்திருந்தார்கள்.

மதுரைக்கு ரயிலில் போனோம். வக்கீல் வைக்க வழியில்லை. கோர்ட்டில் தம்பியின் பெயரைக் கூப்பிட்டதும் அவன் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றான். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்காமல், காயை எடுத்தாயா என்று கேட்டார். ஆமா என்றான். பிறகு போலீஸ் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, சாட்சி சொல்ல வந்திருந்த முதலாளி முன்னால் வைத்தார்கள். அது அவன் சட்டைப் பையில் பாதிகூட நுழையாத பொட்டலம். இது உங்கள் சரக்குதானா என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட். முதலாளியின் கை தானாகவே பொட்டலத்துக்குள் போனது. ஒரு பிடி அள்ளி, உருட்டி, முகர்ந்து, ஒரு காயைக் கடித்தார். நம்ம சரக்குதான் என்றார். சொல்லிக்கொண்டே கையில் இருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கே அது தெரியவில்லை.

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். முதலாளி அள்ளியாயிற்று, அடுத்து பக்கத்தில் நிற்பவனின் முறை. கூண்டோரத்தில் நின்றவன் உள்ளங்கையை விரித்து அவரிடம் நீட்டினான். ஏட்டு அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டார். அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அம்மா முன்னால் போய்விட்டாள்.

"அய்யா, மொதலாளி இப்ப என்ன செஞ்சாக? அதத்தான் எம் மகனும் செஞ்சான். அவுகளப் பாத்துத்தான் படிச்சான். அவுக பையில போட்டா சாம்பிளு, எம் மகன் போட்டா களவா?"

முதலாளி பையிலிருந்து காயை எடுத்து அவசரமாகப் பொட்டலத்தில் போட்டார். இந்தத் தடவை மாஜிஸ்ட்ரேட்டும் சிரித்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரிந்தும் அவர் முதலாளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொட்டலம் எப்படிப் பெருத்தது என்று ஏட்டையும் கேட்கவில்லை. பையனைக் கண்டித்து விடுவிப்பதாகச் சொன்னார். கண்டிப்பு யாருக்கு? அம்மாவுக்கு. "பிள்ளையை ஒழுங்கா வளர்க்கணும்மா. எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லிக் குடு" என்றார். அம்மா கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை.

திரும்பும் ரயிலில் வேர்க்கடலைக் கூடை பக்கத்தில் வந்தது. தம்பி வழக்கம்போல் கையை நீட்டினான். அவனை ஒரு நாளும் அடிக்காத அம்மா அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். "தொடக் கூடாது அப்பு. ஆரு சாமானையும் தொடக் கூடாது. தொட்டா உன்னயக் கொண்டு போயிருவாங்க." அடித்துவிட்டு அவளே அழுதாள். தம்பி அழவில்லை. அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது புதிதாகப் படிக்கும்போது அவன் அப்படித்தான் பார்ப்பான்.

அம்மாவுக்குக் கிட்டங்கி வேலை போனது. பள்ளிக்கூடம் தம்பியைத் திரும்பச் சேர்க்கவில்லை. மகன் தப்பித்துவிட்டானே, அதுவே பெரிசு என்று ஊர் அம்மாவைத் தேற்றியது. அய்யாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய தம்பி இப்போது என்னோடு இருக்கிறான். எவ்வளவு நல்ல பிள்ளை, ஒன்றையும் தொடமாட்டான் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். அவர்களைப் பளாரென்று அறையலாமா என்றிருக்கும். தினமும் தட்டில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைக்கிறேன். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எடுத்துச் சாப்பிடுடா, உன் சோறுதான் என்பேன். அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்க்கிறான்.