கம்பளிக்குள் கவாத்துக் குச்சி

உள்ளறையில் மடமடவென்று எதுவோ சரிந்து விழுந்தது. பேரூராட்சியிலிருந்து அடுப்புக் கணக்கெடுக்க வந்திருந்த இந்துமதி, சுப்பம்மா சொன்னபடி ‘கேஸ்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்க வீட்டுக்காரர்தான். காய்ச்சல்ல புரண்டு படுக்கிறார்” என்றாள் சுப்பம்மா.

“உங்க வீட்டுக்காரர் ஆண்டி அண்ணனை இப்பத்தானுங்க டீக்கடையில பார்த்துட்டு வர்றேன்.”

சுப்பம்மாவின் கண்கள் நிறைந்தன. சிலோனிலிருந்து சிறுமியாக வந்தவள். முப்பது வருஷம் கொழுந்து பறித்து, அடுப்புப் புகையில் இருமி இருமியே பிள்ளைகளை வளர்த்தவள். விறகு எரித்தால் அபராதம் என்று யாரோ சொன்னதை நம்பி, தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிய குச்சிகளைக் கட்டிலில் அடுக்கிக் கம்பளியால் போர்த்தியிருந்தாள். “விறகு எரிச்சா அபராதமாமே புள்ள?” என்றாள்.

“அபராதமெல்லாம் இல்லீங்க. புகையைக் குறைக்கிறோம்னு நம்ம நாடு உலகத்துக்கே வாக்குக் கொடுத்திருக்குதுங்க அக்கா. அதுக்காக விறகு எரிக்கிற ஊடுகளுக்குத்தான் புகையில்லாத அடுப்பு குடுக்கறோம். கேஸ்னு எழுதினா உங்களுக்குக் கிடைக்காதுங்க.”

சுப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அப்ப நோயாளியையும் பார்த்துட்டே எழுது புள்ள.”

இந்துமதி உள்ளே போய்க் கம்பளியைத் தூக்கினாள். “அண்ணன் ரொம்ப மெலிஞ்சுட்டாருங்க” என்று சிரித்தபடியே, ‘கேஸ்’ என்பதை அடித்து ‘விறகு’ என்று எழுதினாள்.

“அடுப்பு வந்ததும் முதல் தேத்தண்ணி உனக்குத்தான்.”

இந்துமதி படியிறங்கிப் போனாள். மூடுபனி உள்ளே நுழையுமுன் சுப்பம்மா கதவைச் சாத்தினாள்.