காலித் தொட்டிலில் ஒட்டிய பெயர்

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதற்குள் பெயர் அடிக்கும் கைமெஷின் ஒன்று. பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும். மேலே இங்கிலீஷ் எழுத்துகள் போட்ட வட்டத் தட்டு. வேண்டிய எழுத்துக்குத் திருப்பிப் பிடியை அழுத்தினால், டக்கென்று சிவப்பு பிளாஸ்டிக் நாடாவில் வெள்ளையாக எழுத்து புடைத்து வரும். மெஷினுக்கு அடியில் ஒரு துண்டு நாடா குப்புறக் கிடக்கிறது. அதில் ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயரை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. என் மருமகள் இரண்டு தடவை டப்பாவைப் பழைய இரும்புக்காரனிடம் போடப் பார்த்தாள். இரண்டு தடவையும் சண்டை போட்டுத் திரும்ப வாங்கி வைத்தேன்.

எழுபதுகளில், அருப்புக்கோட்டையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலையில் இருந்தேன். டாக்டரம்மா காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் சிஸ்டர் ராஜ்யம். வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர், மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆன சந்தோஷத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த அந்த மெஷினை சிஸ்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் பெயர் ஒட்டாத சாமானே கிடையாது. பஞ்சு டப்பா, கத்தரிக்கோல், வெந்நீர் அண்டா, எல்லாவற்றிலும் சிவப்பு நாடா. நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் என் நெற்றியிலும் ஒட்டியிருப்பார். இரும்புச் சட்டத்தில் தொங்கும் ஒவ்வொரு துணித் தொட்டிலிலும் தாயின் பெயரை ஒட்டியே ஆக வேண்டும். பிள்ளை மாறிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கறார். நாடா நம் ஊரில் கிடைக்காது. அதனால் ஒருத்தி வீட்டுக்குப் போனதும் அவள் பெயரை உரித்து, காலித் தொட்டிலின் கம்பியில் ஒட்டி வைப்போம். அதே பெயரில் அடுத்த மாதமே இன்னொருத்தி வருவாள். அந்தக் காலத்துப் பெயர்கள் அப்படி.

ஒரு சித்திரை மாதம் ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து காடு கரை உழும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் வந்தாள். நாலாவது பிரசவம். ஆண் பிள்ளை. நான் நாடாவை எடுத்துக்கொண்டு போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பேர ஒட்டாத தாயி. மூணு புள்ள பெத்தேன். மூணும் மூணாம் நாளு உச்சிக்குத்தான் போச்சு. எம்பேரத் தேடித்தான் வருது."

"எது வருது?" என்றார் சிஸ்டர்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படிக் கெடக்கேன்? தவிட்டுக்குத் தாரேன், நீங்க வாங்கிக்கிருங்க சிஸ்டரம்மா."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை ஒரு கை தவிட்டுக்கு வேறொருத்தியிடம் விற்றுவிடுவார்கள். வளர்ப்பது பெற்றவள்தான். ஆனால் அவள் அதை என் பிள்ளை என்று சொல்லக் கூடாது. அதுவும் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. தேடி வருவது ஏமாந்து திரும்பிவிடும் என்று நம்பிக்கை. சிஸ்டர் கேட்பாரா? "ஊசிக்குப் பொழைக்காததா தவிட்டுக்குப் பொழைக்கும்? பேசாமப் படு" என்று அதட்டிவிட்டு, அவள் பெயரையே ஒட்டச் சொன்னார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. டாக்டரம்மா ஊசி போட்டார். மதுரை வரைக்கும் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் சிஸ்டர் வந்தபோது, அவர் கையில் இருந்த, கத்தரிக்கோல் வைக்கும் ஸ்டீல் தட்டில் மாட்டுத் தவிடு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. தாய் முந்தானையில் தவிட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். சிஸ்டர் தன் பெயரைத் தானே ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பி அடித்தார். அதைத் தொட்டிலில் ஒட்டிவிட்டு, தாயின் பெயரை உரித்தேன். அடுப்பில் போட்டிருக்க வேண்டும். கைப்பழக்கம், ஜன்னலோரத்துக் காலித் தொட்டிலில் கொண்டுபோய் ஒட்டினேன்.

உச்சி நேரம் கரண்ட் போயிற்று. விசிறி நின்றது. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. சிஸ்டர் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். அதன் உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போது காலித் தொட்டிலின் கொக்கி கிறீச்சிட்டது. தட்டையாகத் தொங்கிய துணி, உள்ளே எதையோ கிடத்தியது போல மெல்லக் கீழே இறங்கியது. நான் பார்த்தேன். சிஸ்டரும் பார்த்தார். தாய் மட்டும் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "யாருக்கா அது, தொட்டில்ல புள்ளையப் போட்டது?"

தொட்டில் அப்படியே தாழ்ந்து கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. துணி பழையபடி மேலே எழும்பியது. மடியில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழுதது.

நான் போய்ப் பார்த்தபோது, கம்பியில் இருந்த நாடா தொட்டிலுக்குள் நட்டநடுவில் குப்புறக் கிடந்தது. "வெயிலுக்குப் பசை விட்டுருச்சு" என்றார் சிஸ்டர், நான் எதுவும் கேட்காமலே. அன்று சாயங்காலம் அந்தத் தொட்டில் துணியை அவரே கொல்லையில் வைத்து எரித்தார். நாடாவை மட்டும் தீயில் போடத் துணியவில்லை. பிறகு அந்த மெஷினை அவர் தொடவே இல்லை. வேலையை விட்டுப் போகும்போது டப்பாவை என்னிடம் கொடுத்தார். "நீதான ஒட்டுன, நீயே வச்சுக்க. வெளிய போட்டுறாத. எங்க போயி ஒட்டும்னு யாருக்குத் தெரியும்?"

அந்தப் பிள்ளை வளர்ந்தான். பொங்கலுக்குப் பொங்கல் கரும்போடு வந்து சிஸ்டரை அம்மா என்று கூப்பிட்டுவிட்டுப் போவான், அவர் கண்ணை மூடும்வரை. பெற்றவளைக் கடைசிவரை சின்னாத்தா என்றுதான் கூப்பிட்டான். அவள் அதற்கே சிரித்த முகமாக 'என்னய்யா' என்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

முந்தாநாள் விடியற்காலையில் அவள் இறந்துபோனாள். பஸ் பிடித்துப் போயிருந்தேன். உச்சி வெயிலில் பாடையைத் தூக்கும்போது, தலை நரைத்த அந்த மனிதன் அவள் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்று கத்திவிட்டான். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

அவன் அப்படிக் கூப்பிட்டு இன்று மூன்றாம் நாள். பதினொரு மணிக்கே டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாடா குப்புறத்தான் கிடந்தது. பெயருக்கு உரியவளே போய்விட்டாள், இனி எரித்துவிடலாம் என்று விரல் அதன் ஓரம் வரை போயிற்று. அவன் கூப்பிட்டுவிட்டானே என்று நினைத்ததும் கையை இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. அதற்கு மேல் தாங்காமல் போன் போட்டேன். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தான்.

"சொல்லுங்கத்தே."

"சும்மாதான்யா. சாப்பிட்டியா?"

"இப்பத்தான் எலையில உக்காந்தேன்" என்றான்.

டப்பாவை மூடினேன்.