உண்ணிகளுக்கும் சேர்த்து ஒரு விரதம்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் உண்டு. என் மனைவி ரொம்ப யோசித்து வைத்த பெயர். அந்தப் பெயருக்கு அது இன்றுவரை திரும்பியதில்லை. நான் "டேய்" என்றால் திரும்பும். கொஞ்சம் சத்தமாக "டேய்" என்றால் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரும் திரும்புவார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் பார்க்கத் தகுந்த கூத்து ஏதோ நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

நாய் பத்து காஜா பக்கத்து ஆள். அங்கே நான் பிறந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. ஒரு வருடம் திருவிழாவுக்குப் போனபோது, பந்தியில் என் இலையோரம் வந்து உட்கார்ந்த குட்டி, கிளம்பும்போது காருக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. நான் ஏற்றவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அதோடு அதன் காதுக்குள் இருந்த உண்ணிகளும் டிக்கெட் இல்லாமல் ஈப்போவில் நாங்கள் இருக்கும் ஜெலாப்பாங் வந்து சேர்ந்தன.

என் முன்னோர் ரப்பர் மரத்தில் கீறல் போட்டுப் பிழைத்தார்கள். நான் தொழிற்பேட்டையில் ரப்பர் கையுறையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பிழைக்கிறேன். குடும்பம் முன்னேறியது இவ்வளவுதான். வேலை முடிந்து வந்ததும் நாயைப் படுக்கவைத்துப் பெரட்டு எடுப்பேன். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். இங்கே காது, கழுத்து, விரலிடுக்கு என்று தேடி, ஆஜரான உண்ணிகளை மண்ணெண்ணெய் டின்னில் போடுவது. உண்ணிக்கு மாதாமாதம் கொடுக்க நாய் டாக்டரம்மா தந்த மாத்திரையும் இருந்தது. ஆக நாயும் நானும் நிம்மதியாகத்தான் இருந்தோம். நான் பக்திமான் ஆகும்வரை.

என் மனைவியின் அண்ணன் தெலுக் இந்தானில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஈப்போ வந்து காவடி எடுப்பார். அவர் பின்னால் தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடப்பது என் சேவை. வருடக் கடைசியில் அவர் வீட்டில் ஒரு பிறந்தநாள் சாப்பாடு. நிறையப் பேர் இருந்தார்கள்.

"இந்தத் தடவையும் தண்ணி போத்தல் உங்க பொறுப்புதானே மச்சான்?" என்றார் அவர். "போன தடவ பாதிய நீங்களே குடிச்சிட்டீங்க லா."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

"இந்தத் தடவ நானே பால் குடம் எடுக்குறேன்" என்றேன்.

"விரதம் இருக்கணும் மச்சான். கறி இல்ல, மீன் இல்ல, பீர் இல்ல. பாயில படுக்கணும்."

அங்கே வாயை மூடியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. "அது எல்லாரும் இருக்கிற விரதம். நான் இருக்கப்போற விரதத்துல ஒரு உயிரையும் கொல்ல மாட்டேன்" என்றேன்.

"கொசு?" என்று கேட்டாள் மனைவி.

"கொசுவும் உயிர்தான்."

"கரப்பான்?"

"அதுக்கும் குடும்பம் இருக்கு."

மச்சான் எழுந்து, "சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று என் காலைத் தொட்டார். யாரோ அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவுக்காரர்கள்கூடக் கும்பிட்ட கை பொம்மைகளை அனுப்பினார்கள். இனி பின்வாங்க முடியாது.

முதல் வாரம் மகான் வாழ்க்கை. கொசு கடித்தால் ஊதிவிட்டேன். சீனி டப்பாவில் எறும்பு வந்தால் டப்பாவைத் திறந்தபடி வைத்தேன். என் மனைவி எந்த விரதமும் எடுத்துக்கொள்ளவில்லை. கொசு மட்டையைச் சுழற்றி என் காதுக்குப் பக்கத்தில் படபடவென்று பொரித்துக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டியின் மேல் குடியிருக்கும் எங்கள் பூனைக்கும் அகிம்சையில் நம்பிக்கை இல்லை. ஒரு காலையில் கண்விழித்தபோது என் பாயோரம் செத்த பல்லி ஒன்றைக் காணிக்கையாக வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு மாத்திரை கொடுக்கும் நாள் வந்தது. யோசித்தேன். மண்ணெண்ணெய் டின் நேரடிக் கொலை. மாத்திரையோ நாயின் ரத்தத்தையே விஷமாக்கி, சாப்பிட வந்த விருந்தாளியைக் கொல்வது. அது இன்னும் மோசம். மாத்திரையை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன்.

பெரட்டு மட்டும் தொடர்ந்தது. மனைவி புருவம் திருத்தும் இடுக்கியால் உண்ணிகளை நோகாமல் எடுத்து, பப்பாளி இலையில் வைத்து, பின்சந்துக்கு அப்பால் இருக்கும் லாலான் புல்லில் கொண்டுபோய் விட்டேன். "போய் வாருங்கள்" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினேன். அவையும் மரியாதை தெரிந்தவை. போய், வந்தன.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று, இலையில் என்ன என்று மலாயில் கேட்டார். விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தன் வீட்டுப் பின்கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டி அடைத்தார்.

கொல்லாத வைத்தியம் எல்லாம் செய்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து நாய்க்கு உடம்பெல்லாம் பூசினேன். செராய் என்கிற எலுமிச்சைப் புல்லை வேகவைத்த தண்ணீரில் குளிப்பாட்டினேன். நாய் மஞ்சளாகி, ரசம் மாதிரி மணந்துகொண்டு, என்னைவிடப் பெரிய பக்தனாகத் தெருவில் நடந்தது. மஞ்சளைப் பார்த்த உண்ணிகள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்திருக்க வேண்டும். சொந்தபந்தத்தோடு வந்தன. சுவரில் ஏறின. கடிகாரத்துக்குப் பின்னால் குடிபுகுந்தன. பாயில் படுத்திருந்த என் காது மடலில் ஒன்று மாட்டியது. அதையும் இலையில் வைத்து வழியனுப்பினேன்.

"சாமியாரே, நீங்க முக்தி அடையுறதுக்கு முன்னாடி இந்த வீடு உண்ணிங்களுக்குச் சொந்தமாயிடும்" என்றாள் மனைவி.

அவள் கேலி செய்துகொண்டிருந்தவரை எனக்குப் பயமில்லை. ஒரு மத்தியானம் அவள் கேலி செய்யாமல் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது காலையிலேருந்து சாப்பிடல."

பார்சல் கொண்டுவரும் பையன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். எங்கள் நாய்க்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம் அந்த மோட்டார் சைக்கிளைச் சாப்பிடுவது. அன்று அது கார் நிற்கும் இடத்தில் படுத்தபடி கண்ணை மட்டும் உருட்டியது. பையனே பயந்துபோய், "அண்ணே, நாய்க்கு என்னாச்சு?" என்று கேட்டான்.

"டேய்" என்றேன். வாலின் நுனி ஒருமுறை அசைந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் திரும்பினார். வேலியோரம் வந்து நின்றார். நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது.

தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயதுக்காரர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி ரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லையாம். கிருமியையும் உள்ளே விட்டுவிட்டுப் போகுமாம்.

"மாசாமாசம் மாத்திரை குடுத்தீங்கதானே அங்கிள்?"

நான் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன். மனைவி என் விரதத்தை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னாள். பப்பாளி இலையைக்கூட விடவில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சரி அங்கிள். நாயோட ரத்தத்துல இப்ப கிருமி இருக்கு. நான் குடுக்கிற மருந்து அதைக் கொல்லும். குடுக்கவா, வேணாமா?"

"குடுங்க."

"உண்ணி மாத்திரை?"

எனக்குள் இருந்த வக்கீல் கடைசியாக ஒருமுறை எழுந்தார். "டாக்டர், கடிக்கிற உண்ணிதானே சாகும்? கடிக்காம ஒழுக்கமா இருக்கிற உண்ணிக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப அது தானா தேடிக்கிட்ட சாவு."

"வீட்டுச் சுவர் வெடிப்புல முட்டை போட்டிருக்கும் அங்கிள். அங்கயும் மருந்து அடிக்கணும்" என்றார் அவர். "பூனையைத் தனியா வைங்க. நாய்க்குப் போடுற மருந்தைப் பூனைக்குப் போட்டுடாதீங்க, அதுல சிலது பூனை உயிரையே எடுத்துரும். மொதல்ல இது சாப்பிடணும். வெறும் வயித்துல மருந்து குடுக்காதீங்க."

அதுதான் சிக்கல். பருப்புச் சோறு வைத்தோம், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோயாக் கட்டியான தௌஃபூ வைத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோழி ஈரல் என்றால் அதற்கு உயிர். ஆனால் விரத வீட்டில் கறிச்சட்டிகள்கூடத் துணி சுற்றி மேல் அலமாரிக்குப் போயிருந்தன.

"நான் பாசாருக்குப் போயி வாங்கிட்டு வாரேன். நானே அவிக்கிறேன். நீங்க ஒண்ணும் தொட வேணாம்" என்றாள் மனைவி. விரத நாட்களில் அவள் எனக்குக் காட்டிய ஒரே கருணை அது.

ஈரலை அவித்து அவளே நீட்டினாள். நாய் முகர்ந்தது, நாக்கைக்கூட நீட்டவில்லை. பிறகு என் பக்கம் பார்த்தது. குட்டியாக இருந்தபோது என் இலையிலிருந்து எடுத்து ஊட்டிப் பழக்கிய கை இது. வேறு கை அதற்குப் பிடிக்காது.

நெற்றியில் திருநீறு. இடுப்பில் மஞ்சள் வேட்டி. பால் குடத்துக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கும்பிட்டாகிவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து, ஈரலைப் பிட்டு, மாத்திரையை உள்ளே வைத்து அழுத்தி, "டேய்" என்றேன்.

மெதுவாக வாயைத் திறந்தது. அந்தத் துண்டை மென்று முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. அடுத்ததைக் கொஞ்சம் சீக்கிரம் மென்றது. பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தது. நான் எழுந்திருக்கவில்லை. மனைவி வேறு பக்கம் பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

நாய்க்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் உண்ணி மாத்திரையும் உள்ளே போனது. உண்ணிகள் உதிர ஆரம்பித்தன. "உங்க பக்தர்கள்லாம் விழுந்து கும்பிடுறாங்க" என்று கூட்டிப் பெருக்கினாள் மனைவி. பிறகு மருந்துத் தெளிப்பானை என் கையில் கொடுத்தாள். "நாயைக் கடிக்கிறது தானா சாகுது, சரி. சுவத்துக்குள்ள இருக்கிறது இன்னும் யாரையும் கடிக்கல. அதுக்கு உங்க சட்டத்துல என்ன இருக்கு?"

சட்டத்தில் ஒன்றும் இல்லை. பூனையை அறைக்குள் அடைத்துவிட்டு, கடிகாரத்தை இறக்கி, வெடிப்பு வெடிப்பாக அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

மச்சானுக்கு ஃபோன் செய்து, பால் குடம் இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"நாய் சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

"அப்ப சரி லா. நான் காவடி எடுக்கிற வருசமெல்லாம் லோரிக்குள்ள ஏறுற தேளை மிதிச்சுத்தான் கொன்னுருக்கேன். முருகன் இன்னும் ஒண்ணும் கேக்கல. வேணும்னா குடத்தைத் தூக்குங்க மச்சான்."

"அடுப்புல ஈரல் வேகுது மச்சான்."

"அப்ப பெரிய போத்தலா எடுத்துட்டு வாங்க. இந்த வருசம் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

தைப்பூசத்தன்று மலையடிவாரக் கோயில்வரை அவர் காவடியோடு ஆடி வந்தார். நான் போத்தலோடு பின்னால் வந்தேன். முக்கால்வாசியை நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியபோதே சத்தம் கேட்டது. பார்சல் பையன் மோட்டார் சைக்கிளோடு தெருவின் நடுவரை பின்வாங்கியிருந்தான். உள்ளே எங்கள் நாய், விலா எலும்பு இன்னும் கொஞ்சம் தெரிய, வாசல் கம்பியில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, அந்த வண்டியின் தலைமுறைகளைத் திட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பிடிங்கண்ணே!" என்று கத்தினான் அவன்.

"டேய்!" என்றேன். அது திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "டேய்!" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் திரும்பினார். பையன் பார்சலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.