சாதாரண மனிதனின் கோபம்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை என்றால், இரண்டு தரப்பும் திட்டுகிற திட்டைத் தன் வாயாலேயே இன்னொரு முறை சொல்வது. அந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லைக்கு எந்தப் பக்கம் தங்கள் ஊர் விழும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். பஸ் பலகைகளைப் படித்துத் தெலுங்கு கற்ற எனக்குச் சித்தூரில் அந்த வேலை கிடைத்தது.

அவசரம்

விஜயபுரம் பக்கத்து முனியம்மா, கணவன் கோவிந்தனைக் களைக்கொட்டால் அடித்துக் கையை முறித்துவிட்டாள். வேண்டுமென்றே அடித்தாள் என்றால் ஜெயில். திடீர் ஆத்திரம் என்றால் அபராதத்தோடு போகலாம்.

"அவசரத்துல அடிச்சிட்டேன் சாமி" என்றாள். நானும் அவசரத்தில் அந்தச் சொல்லை அப்படியே தெலுங்கில் போட்டுவிட்டேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவைப்பட்டது, அடித்தேன் என்று ஆகிவிட்டது. தமிழ் தெரியாத மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். பதறிப்போய்த் திருத்தினேன். இரண்டு மொழியும் தெரிந்த குமாஸ்தா என் பக்கம் குனிந்து கேட்டார்: "அய்யா, நீங்க இப்ப சொன்னது அவசரத்துலயா, அவசரத்துக்கா?"

ஆறிய கோபம்

முந்தின வாரம்தான், தன் மனைவியைக் கேவலமாகப் பேசியவனை அந்த இடத்திலேயே அடித்த ஒருவனுக்குத் தண்டனை குறைந்திருந்தது. சாதாரண மனிதன் யாரானாலும் நிதானம் இழப்பான் என்றார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

முனியம்மாவோ காலையில் கணவனிடம் அடி வாங்கி, வேர்க்கடலைக் கொல்லைக்குப் போய் இரண்டு சால் களை எடுத்துவிட்டு, மத்தியானம் திரும்பி வந்து அடித்திருக்கிறாள். "சாதாரண மனிதனுக்கு அதற்குள் கோபம் ஆறியிருக்கும்" என்றார் சர்க்கார் வக்கீல். தமிழில் சொன்னேன். நான்தான் அந்த மனிதன் என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். "ஆறியிருக்கும் சாமி. களை எடுத்துட்டு அந்த மனுசன் இதே வூட்டுக்கா திரும்பி வரணும்?"

துன்ற கை

கோவிந்தன் முறிந்த கையில் புத்தூர்க் கட்டோடு சாட்சி சொல்ல வந்தான். "நான் அடிக்கிறது பீச்சாங்கை சாமி. அதைத்தான் அடிச்சா. துன்ற கைய விட்டுட்டா" என்றான். பெண்டாட்டிக்கு உதவுவதாக நினைப்பு. பார்த்துத்தான் அடித்தாள் என்று ஆகிவிடுமே! பாதியை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியம் செய்து ஏற்ற வேலை, முழுதும் சொன்னேன்.

வக்கீல் துள்ளி எழுந்தார். மாஜிஸ்திரேட் அவரைக் கையமர்த்திவிட்டு, ராஜியாகப் போகச் சம்மதமா என்று கோவிந்தனைக் கேட்டார். இனி அடிக்கமாட்டேன் என்று அவன் நல்ல கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். வழக்கு முடிந்தது. படியிறங்கும்போது முனியம்மா அவனிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "சத்தியம் பண்ணது துன்ற கை மாமா. அடிக்கிற கை இன்னும் வாயே தொறக்கல."

வக்கீல்கள் சொல்லும் அந்தச் சாதாரண மனிதனை முப்பது வருஷம் இரண்டு மொழியிலும் பேசவைத்தேன். ஆனால் என் மனைவி இருந்தவரை ஒரு நாளும் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகத் துணியவில்லை.